செவ்வாய்க்கிழமை அவை: லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி ஆளும் முறை

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மையத்தில், டெம்பிள் தெருவில், கென்னத் ஹான் நிர்வாகக் கட்டடம் நிற்கிறது. பெரும்பாலான செவ்வாய்க்கிழமைகளில் காலை 9.30 மணிக்கு அங்கே ஐந்து பேர் கூடுகிறார்கள். அரசு மருத்துவமனைக்கான ஒப்பந்தம், சிறைக்காவலில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு, ஒரு பூங்காவுக்குப் பெயர், ஒரு சாலைக்கு வேகக் கட்டுப்பாடு, வீடற்றோருக்கான தங்குமிடத்துக்கு நிதி என்று பெரிதும் சிறிதுமான பல முடிவுகள் அந்த ஒரே நாளில் எடுக்கப்படுகின்றன. அவற்றால் பாதிக்கப்படுவோர் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், வாழும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 40 மாநிலங்கள் மக்கள்தொகையில் இந்த ஒரு கவுண்டியைவிடச் சிறியவை.

இவ்வளவு பெரிய ஓர் அரசு தன் அன்றாட வேலையை எப்படி நடத்துகிறது என்பதை யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. அதிபர் தேர்தல் பேசப்படுகிறது, ஆளுநரின் அறிக்கை பேசப்படுகிறது. ஆனால் ஒரு குழந்தையை வீட்டிலிருந்து மீட்பதா வேண்டாமா என்று பார்க்கும் துறைக்கு எத்தனை ஊழியர்கள் என்பதைத் தீர்மானிப்பது இந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம்தான். எனவே அதன் நடைமுறையை ஆராய்வது ஆட்சியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதாகும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறை எதையும் இருட்டில் முடிக்க விடாமல் தடுக்கிறது. அது சாதாரணச் சாதனை அல்ல. ஆனால் மக்களைப் பேச அழைக்கும் நேரத்துக்குள் முடிவு பெரும்பாலும் உருவாகிவிடுகிறது. பார்க்கும் உரிமை முழுமையாகக் கிடைத்திருக்கிறது. மாற்றும் வாய்ப்பு மிகக் குறைவாகவே கிடைக்கிறது. இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் இன்றைய தேவை.

ஐந்து பேர், ஒரு கோடி மக்கள்

மாவட்டம் என்றதும் நமக்கு அரசு நியமிக்கும் ஆட்சியர் நினைவுக்கு வருவார். கலிஃபோர்னியாவின் கவுண்டி அப்படி அமைந்ததல்ல. அதை ஆள்வது மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேற்பார்வையாளர் அவை. லாஸ் ஏஞ்சல்ஸில் அதன் உறுப்பினர்கள் ஐந்து பேர். பதவிக்காலம் நான்கு ஆண்டு. மூன்று முறைக்கு மேல் தொடர முடியாது. உள்ளூர்ச் சட்டம் இயற்றுவதும் அவர்கள்தான், நிர்வாகத்தை நடத்துவதும் அவர்கள்தான். தலைமைச் செயல் அலுவலர் அவர்களால் நியமிக்கப்படுபவர். ஷெரிஃப், மாவட்ட அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளர் ஆகிய மூவர் மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அவர்களுடைய துறைகளுக்கும் பணம் ஒதுக்குவது இந்த ஐவரே.

இந்த அமைப்புக்கு அடிப்படை 1912இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட பட்டயம். அப்போது கவுண்டியில் ஐந்து லட்சம் பேருக்குச் சற்று மேல் இருந்தனர். ஓர் உறுப்பினருக்கு ஒரு லட்சம் பேர் என்ற கணக்கு அன்று பொருத்தமாக இருந்தது. இன்று ஓர் உறுப்பினர் இருபது லட்சம் பேருக்குப் பிரதிநிதி. அவையின் ஆண்டு நிதிநிலை 4,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஊழியர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். நாட்டின் மிகப் பெரிய உள்ளூர்ச் சிறை அமைப்பு, அரசு மருத்துவமனைகள், மனநலச் சேவை, பொதுச் சுகாதாரம், குழந்தைகள் பாதுகாப்பு, தேர்தல் நடத்துவது, பத்திரப் பதிவு எல்லாம் அதன் கீழ் வருகின்றன.

கவுண்டிக்குள் 88 நகரங்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனித்தனி மேயரும் மன்றமும் உண்டு. எந்த நகரத்திலும் சேராத பகுதிகளில் வாழும் ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கோ வேறு உள்ளாட்சி கிடையாது. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் அப்படி ஒரு பகுதி, ஆல்டடீனா இன்னொன்று. 2025 ஜனவரி 7 அன்று தொடங்கிய ஈட்டன் தீயில் ஆல்டடீனாவின் பெரும்பகுதி அழிந்தது. அந்த ஊரின் மேற்குப் பகுதிக்கு வெளியேற்ற உத்தரவு மிகத் தாமதமாகப் போனது. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதியினர். வீடு இழந்தவர்கள் நீதி கேட்க ஒரு மேயர் இல்லை. அங்குள்ள ஊர் மன்றம் ஆலோசனை மட்டுமே சொல்லலாம். மறுகட்டுமான அனுமதி, குப்பை அகற்றுவது, தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எல்லாம் டெம்பிள் தெருவில் செவ்வாய்க்கிழமை காலை கூடும் அதே ஐவரிடம்தான் போய்ச் சேர்ந்தன. கூட்டம் நடக்கும் முறை வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கதவைத் திறந்த சட்டம்

கலிஃபோர்னியாவின் உள்ளாட்சிக் கூட்டங்கள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவது ரால்ஃப் பிரவுன் சட்டம். 1952இல் சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழில் மைக்கேல் ஹாரிஸ் என்ற செய்தியாளர் ஒரு தொடர் எழுதினார். நகர மன்றங்களும் கவுண்டி அவைகளும் முன்கூட்டியே ரகசியமாகக் கூடி முடிவெடுத்துவிட்டுப் பொதுக்கூட்டத்தில் ஒப்புக்குக் கைதூக்குவதை அது அம்பலப்படுத்தியது. மொடஸ்டோவைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் அடுத்த ஆண்டே மசோதா கொண்டுவந்தார். 1953இல் அது சட்டமானது.

அதன் விதிகள் எளிமையானவை. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னதாக வெளியிட வேண்டும். சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேரம் போதும். நிரலில் இல்லாத பொருள் மீது, அவசரம் என்று அவை தனியே வாக்களித்து உறுதிசெய்தாலொழிய, முடிவெடுக்கக் கூடாது. ஒவ்வொரு பொருளையும் பற்றி அவை முடிவெடுக்கும் முன் எவரும் பேசலாம். பேசுபவர் தம் பெயரைச் சொல்லக் கட்டாயமில்லை. அவையையோ அதன் கொள்கையையோ கடுமையாக விமர்சித்தார் என்பதற்காக அவரைத் தடுக்க முடியாது. நேர வரம்பு வைத்தால், மொழிபெயர்ப்பாளர் வழியே பேசுபவருக்கு இரு மடங்கு நேரம் தர வேண்டும். உறுப்பினர்களில் பெரும்பான்மையோருக்குத் தரப்படும் ஆவணம் மக்களுக்கும் கிடைக்க வேண்டும். விதி மீறப்பட்டால் எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுத்து அந்த முடிவையே செல்லாததாக்கக் கோரலாம்.

இன்னொரு விதி முக்கியமானது. ஐந்து பேர் கொண்ட அவையில் மூன்று பேர் பெரும்பான்மை. எனவே இருவர் பேசிக்கொள்ளலாம். அந்தப் பேச்சு மூன்றாமவரைச் சென்றடைந்தால் அது ரகசியக் கூட்டம். நேரில் பேசினாலும், தொலைபேசியில் ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசினாலும், உதவியாளர் வழியே சொல்லி அனுப்பினாலும் குற்றம் குற்றமே.

ஒரு கோரிக்கை தீர்மானமாகும் வழி

வெளியில் தெரிவது செவ்வாய்க்கிழமைக் கூட்டம் மட்டுமே. அதற்கு முந்தைய படிகளைத் தெரிந்துகொள்ளாமல் அதை மதிப்பிட முடியாது.

ஒரு துறைக்கு ஓர் ஒப்பந்தம் தேவை என்று வைத்துக்கொள்வோம். துறைத் தலைவர் அவைக்கு ஒரு கடிதம் தயாரிக்கிறார். என்ன கேட்கிறோம், ஏன் கேட்கிறோம், செலவு எவ்வளவு, பணம் எங்கிருந்து வரும் என்று அதில் வரிசையாக இருக்கும். கவுண்டியின் சட்ட ஆலோசகரும் தலைமைச் செயல் அலுவலகமும் அதைப் பார்க்கிறார்கள். பிறகு அது துறைவாரியான ஆய்வுக் கூட்டங்களுக்குப் போகிறது. அங்கே உட்காருபவர்கள் ஐந்து உறுப்பினர்களின் உதவியாளர்கள். கேள்வி கேட்பதும் திருத்தம் சொல்வதும் கடிதத்தைத் திருப்பி அனுப்புவதும் பெரும்பாலும் அங்கேதான். அந்தக் கூட்டங்களுக்கும் பொதுமக்கள் வரலாம். வருபவர்களோ மிகக் குறைவு.

அதன்பின் அது நிகழ்ச்சி நிரலில் ஏறுகிறது. உறுப்பினர்கள் தாமே கொண்டுவரும் தீர்மானங்களும் அதே நிரலில் சேரும். கூட்ட நாளில் எந்த உறுப்பினராவது குறிப்பிட்ட ஒரு பொருளைத் தனியே பேச வேண்டும் என்று பிடித்து வைக்கலாம். பிடித்து வைக்கப்படாதவை எல்லாம் ஒப்புதல் பட்டியலாகச் சேர்ந்து ஒரே வாக்கில் நிறைவேறிவிடும். நீதிமன்ற வழக்கு, நிலப் பேரம், ஊழியர் ஊதியப் பேச்சு, தனி அலுவலர் மதிப்பீடு போன்றவற்றுக்கு மூடிய அமர்வு உண்டு. முடிவில், அந்த வாரம் மறைந்தவர்களின் பெயரைச் சொல்லி அவை கலைகிறது. எடுத்த முடிவுகளின் பதிவு வெளியிடப்படுகிறது.

எங்கே இது வலிமை

முதல் வலிமை தொடர்ச்சி. நாள், நேரம், இடம் முன்பே தெரியும். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. செல்வாக்கு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே நிரல், ஒரே ஆவணம், ஒரே ஒலிவாங்கி. ஓர் உறுப்பினர் எந்தப் பொருளுக்கு எப்படி வாக்களித்தார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தும் தேடி எடுக்க முடிகிறது. அரசியலில் நினைவு என்பது பெரும் ஆயுதம். அதை எழுத்தில் காப்பாற்றித் தரும் நடைமுறை எளியவர்களின் பக்கம் நிற்கிறது.

இரண்டாவது, அது தவறைத் திருத்தும் வழியைத் திறந்து வைக்கிறது. 2019 பிப்ரவரியில், பழைய ஆண்கள் மத்தியச் சிறைக்குப் பதிலாக மனநலச் சிகிச்சையுடன் கூடிய புதிய தடுப்பு மையம் கட்ட அவை வாக்களித்தது. அதற்குப் பின் மனநல மருத்துவர்களும் சிறையிலிருந்து வெளிவந்தவர்களும் கைதிகளின் குடும்பத்தாரும் கூட்டம் தோறும் வந்து பேசினார்கள். பெரிய கட்டடத்துக்குள் அடைத்து வைத்து நோயைக் குணப்படுத்த முடியாது என்ற வாதத்தை ஆதாரத்தோடு வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் 170 கோடி டாலர் மதிப்புள்ள அந்தக் கட்டட ஒப்பந்தத்தை அவை கைவிட்டது. ஏறத்தாழ ஆறு மாதத்தில் தன் முடிவையே மாற்றிக்கொள்ளும்படி ஓர் அரசை வற்புறுத்த முடிந்ததற்குத் திறந்த கதவும் திறந்த ஒலிவாங்கியும் பெரிய காரணம்.

மூன்றாவது, நூறாண்டுப் பிழையைக்கூட ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை தீர்க்க முடிகிறது. கவுண்டியைச் சேர்ந்த மன்ஹாட்டன் பீச் நகரின் கடற்கரையில் 1912இல் வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண் நிலம் வாங்கி, தம் கணவர் சார்ல்ஸுடன் சேர்ந்து கறுப்பின மக்கள் தங்கிக் குளித்து மகிழ ஒரு விடுதி நடத்தினார். அவர்களை விரட்டுவதற்காகப் பூங்கா அமைப்பதாகச் சொல்லி 1924இல் நகர மன்றம் நிலத்தைக் கையகப்படுத்தத் தொடங்கியது. அந்த நிலம் பிற்காலத்தில் மாநிலத்தின் வழியாகக் கவுண்டியின் கைக்கு வந்தது. மாநிலச் சட்டம் 2021இல் வழிவிட, 2022 ஜூன் 28 அன்று அவை ஒருமனதாக வாக்களித்து அதை வாரிசுகளிடமே திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் ஏறத்தாழ 2 கோடி டாலருக்கு அதைக் கவுண்டிக்கு விற்றது. நிலத்தைப் பறித்ததும் ஒரு மன்றத் தீர்மானம். திருப்பித் தந்ததும் ஓர் அவைத் தீர்மானம். பறித்தபோது ஒதுக்கப்பட்டவர்களின் வாரிசுகள், திருப்பித் தந்தபோது அதிகாரிகளுக்குச் சமமாக மேடையில் பேசினார்கள். சட்ட நடைமுறை மனிதர்களின் மாண்போடு சேரும்போது என்ன செய்ய முடியும் என்பதை அந்த வாக்கு காட்டியது.

எங்கே இது பலவீனம்

முதல் குறை நேரம். செவ்வாய் காலை 9.30 மணிக்கு 72 மணி நேரம் முன்பு என்றால் சனிக்கிழமை காலை. பிரவுன் சட்டம் வார விடுமுறையைக் கழிப்பதில்லை. ஆக, அந்தச் சட்டத்தின் கடைசிக் கெடுவில் நிரலில் ஏறும் ஒரு பொருளைப் பற்றித் துறையிடம் விளக்கம் கேட்க ஒரு குடிமகனுக்குக் கிடைக்கும் வேலைநாள் திங்கள் ஒன்றே. கூட்டமோ வேலை நேரத்தில். கூலி வேலை செய்பவர், இரண்டு பேருந்து மாறி வருபவர், குழந்தையைத் தனியே விட முடியாத தாய் ஆகியோருக்கு அந்தக் காலை நேரமே ஒரு மூடிய கதவு. 2020இன் தொற்றுக்காலம் தொலைபேசி வழியே பேசும் பழக்கத்தைக் கொண்டுவந்தது. பெரிய உள்ளாட்சி அவைகள் அந்த வசதியைத் தர வேண்டும் என்று 2025இல் மாநிலமும் சட்டம் இயற்றியது. இது நல்ல முன்னேற்றம். ஆனாலும் ஒருவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடமே. பல பொருள்களைப் பற்றிப் பேச வேண்டும் என்றாலும் அந்தக் குறுகிய நேரத்துக்குள்ளேயே சுருக்கியாக வேண்டும். பதில் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை.

இரண்டாவது, ஒப்புதல் பட்டியல். அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு வண்டி வாங்குவதையும் மணிக்கணக்கில் விவாதித்தால் மருத்துவமனையில் மருந்து தீர்ந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர்ப்பலகையும் பல கோடி டாலர் ஒப்பந்தமும் ஒன்றாக நிற்கின்றன. சிறியதைப் பெரியதிலிருந்து பிரிப்பது ஓர் உறுப்பினரின் விருப்பத்தைப் பொறுத்திருக்கிறது. ஐவருக்கும் கேள்வி எழவில்லை என்றால், கேள்வி வைத்திருக்கும் குடிமகன் அந்தப் பொருளைத் தனி விவாதத்துக்குக் கொண்டுவர வழி இல்லை. ஒரே குரலில் ஏராளமான பொருள்கள் நிறைவேறும்போது ஒற்றுமை தெரிகிறது, ஆராய்ச்சி தெரிவதில்லை.

மூன்றாவது, ரகசியத்தைத் தடுக்க வந்த விதி எதிர்பாராத ஒரு பக்கவிளைவைத் தந்திருக்கிறது. மூன்று உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வெளியே ஒரு பிரச்சினையைச் சேர்ந்து யோசிக்க முடியாது. பொதுக்கூட்டத்திலோ நீண்ட யோசனைக்கு நேரமில்லை. எனவே யோசிக்கும் வேலை உதவியாளர்களிடமும் துறை அலுவலர்களிடமும் போய்விடுகிறது. அவர்கள் திறமையானவர்கள், ஆனால் மக்கள் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. மக்கள் வாக்களித்த ஐவர் ஆழமாகப் பேசிக்கொள்ளும் இடம் எது என்று தேடினால், நடைமுறையில் அப்படி ஓர் இடம் அமையவே இல்லை.

நான்காவது, மூடிய அமர்வு. வழக்கில் எதிர்த்தரப்புக்குத் தன் உத்தியைக் காட்டும் அரசு மக்களின் பணத்தையே இழக்கும்; ஆகவே மூடிய அமர்வு தேவைதான். அதன் எல்லையை அவையே விரிப்பதுதான் சிக்கல். 2011 செப்டம்பரில், மாநிலச் சிறைவாசிகளில் ஒரு பகுதியினரைக் கவுண்டிகளின் பொறுப்பில் விடும் பெரும் மாற்றம் குறித்து ஆளுநர் ஜெர்ரி பிரவுனை அவை மூடிய அறையில் சந்தித்தது. அது சட்ட மீறல் என்று மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகமே பின்னர் சொன்னது. ஆயிரக்கணக்கானோரின் பாதுகாப்பையும் சிறை நெரிசலையும் தொடும் ஒரு கொள்கை மாற்றத்தை மக்கள் முன்னிலையில்தான் பேசியிருக்க வேண்டும்.

உடன்பாடுகள் விஷயத்தில் சட்டமே ஒரு சந்து விட்டிருக்கிறது. மூடிய அமர்வில் ஏற்கப்பட்ட ஓர் உடன்பாடு எதிர்த்தரப்பின் கையெழுத்துக்குப் பிறகுதான் முழுமை பெறும் என்றால், அதை அவை தானே அறிவிக்க வேண்டியதில்லை. எவராவது கேட்டால் சொன்னால் போதும். இருப்பதே தெரியாத ஒன்றைப் பற்றி எவர் கேட்பார்? 2025 கோடையில் கவுண்டி தன் தலைமைச் செயல் அலுவலருக்கு 20 லட்சம் டாலர் தர உடன்பட்டது. செய்தியாளர்கள் தோண்டி எடுத்த பிறகு அக்டோபரில்தான் மக்களுக்கு அது தெரிந்தது. அந்தத் தொகை நியாயமா இல்லையா என்பது வேறு விவாதம். அந்த விவாதத்தை உரிய நேரத்தில் நடத்தும் வாய்ப்பு மக்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே இங்கு என் புகார். அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று நடந்ததை இதனோடு ஒப்பிட வேண்டும். கவுண்டியின் இளையோர் தடுப்பு மையங்களிலும் காப்பகங்களிலும் பல்லாண்டுகள் நடந்த பாலியல் கொடுமைகளுக்காக ஏறத்தாழ 6,800 பேர் தொடுத்த வழக்குகளைத் தீர்க்க 400 கோடி டாலர் தர அவை வெளிப்படையாக வாக்களித்தது. அதனாலேயே அடுத்த மாதங்களில் அந்தத் தொகையைப் பற்றியும், உரிமை கோரியவர்களில் சிலரது கோரிக்கைகளின் உண்மை பற்றியும் பொதுவெளியில் கேள்வி எழ முடிந்தது. மிகப் பெரிய தொகைக்கே வெளிச்சத்தைத் தாங்கும் வலிமை இருக்கும்போது சிறிய தொகைக்கு ஏன் இருக்கக் கூடாது?

ஐந்தாவது குறையை நான் மிகக் கவலையோடு பார்க்கிறேன். அவையின் தீர்மானங்களில் பல, இத்தனை நாளுக்குள் அறிக்கை தருக என்று துறைக்கு உத்தரவிடுவதோடு முடிகின்றன. அறிக்கை வருகிறது, பெரும்பாலும் எழுத்து வடிவில், உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு. அது மீண்டும் நிரலில் ஏறி, மக்கள் முன் வாசிக்கப்பட்டு, கேள்விக்கு உள்ளாகும் கட்டாயம் இல்லை. ஆண்கள் மத்தியச் சிறையை மூட வேண்டும் என்று 2021இல் அவை தீர்மானித்தது. 1963இல் திறந்த அந்தக் கட்டடத்தில் நான்கு ஆண்டுகள் கழித்தும் கைதிகள் இருந்தார்கள். முடிவெடுத்த நாளுக்கு நிரலில் இடமிருந்தது; அந்த முடிவு நடைமுறைக்கு வராமல் நழுவிய நாள்களுக்கு எந்த நிரலிலும் இடமில்லை.

சீர்திருத்தமே தந்த பாடம்

2024 ஜூலையில் இரண்டு உறுப்பினர்கள் ஒரு பெரிய மாற்றத்தை முன்மொழிந்தார்கள். அவையை ஒன்பது பேராக விரிப்பது, தலைமை நிர்வாகியை மக்களே தேர்ந்தெடுப்பது, சுதந்திரமான நெறிமுறை ஆணையம் அமைப்பது, முன்மொழிவுகளை 120 மணி நேரம் முன்னதாக வெளியிடுவது, துறைகள் தங்கள் நிதிநிலையைப் பொதுக்கூட்டத்தில் விளக்குவது ஆகியவை அதில் இருந்தன. கேத்ரின் பார்கர், ஹாலி மிட்செல் ஆகிய இரு உறுப்பினர்கள் அவசரம் வேண்டாம் என்று எதிர்த்தனர். பெரும்பான்மை அதை நவம்பர் வாக்கெடுப்புக்கு அனுப்பியது. ஜி என்ற எழுத்தால் அறியப்படும் அந்தத் திருத்தம் குறுகிய வித்தியாசத்தில் வென்றது.

உள்ளடக்கத்தை நான் வரவேற்கிறேன். இருபது லட்சம் பேருக்கு ஒரு பிரதிநிதி என்பது எந்த அளவுகோலிலும் மிகக் குறைந்த பிரதிநிதித்துவம். ஆனால் 2025 ஜூலையில், அந்தத் திருத்தத்தை நடைமுறைப்படுத்த அமைந்த மறுசீரமைப்புப் பணிக்குழுவின் உறுப்பினர் ஒருவர் ஓர் அதிர்ச்சியான பிழையைச் சுட்டிக்காட்டினார். கவுண்டியின் சொந்த வருவாயில் குறைந்தது பத்து சதவீதத்தைச் சமூகநலத் திட்டங்களுக்கும் சிறைக்கு மாற்றான வழிகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று 2020இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய திருத்தம், பட்டயத்தின் பதிப்பில் உரியபடி சேர்க்கப்படாமலே இருந்தது. அந்தக் குறைப்பதிப்பை அடிப்படையாக வைத்துப் புதிய திருத்தம் எழுதப்பட்டதால், 2028இல் பழைய திருத்தம் நீக்கப்பட்டதாகிவிடும் நிலை உருவானது. வாக்களித்தவர்கள் எவரும் அதை நினைத்து வாக்களிக்கவில்லை.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. ஆவணம் வெளியானது, கூட்டம் நடந்தது, மக்கள் பேசினார்கள், வாக்கெடுப்பும் நடந்தது. பிரவுன் சட்டம் கேட்ட ஒவ்வொன்றும் நிறைவேறியும் பிழை எல்லோர் கண்ணையும் கடந்து போனது. காரணம், வரைவு மக்கள் கைக்கு வந்தபோது படித்து ஒப்பிட்டுத் திருத்த அவகாசம் மிஞ்சியிருக்கவில்லை. வெளிப்படையாக வைப்பதும் பொறுமையாகப் பரிசீலிப்பதும் இருவேறு கடமைகள் என்பதை இந்த நிகழ்வு நிரூபிக்கிறது. இப்போதைய முறை முதல் கடமையைக் கட்டாயமாக்கிவிட்டு, இரண்டாவதை அதிர்ஷ்டத்துக்கு விட்டிருக்கிறது.

செய்ய வேண்டியவை

எதிர்வாதம் ஒன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பொதுப்பேச்சு நேரத்தில் கூச்சலும் வசையும் அதிகமாகிவிட்டன, இன்னும் இடம் கொடுத்தால் வேலையே நடக்காது என்கிறார்கள் நிர்வாகிகள். வசை உண்மைதான், கூட்டத்தைக் குலைப்பவரை எச்சரித்து வெளியேற்றச் சட்டம் ஏற்கெனவே அனுமதிக்கிறது. ஆனால் கடைசிக் கட்டத்தில், ஒரு நிமிடத்தில், பதில் வராது என்று தெரிந்தும் பேச வைக்கப்படும் மனிதரின் குரல் உயர்வதில் வியப்பில்லை. முன்கூட்டியே கேட்கப்படுபவர் கத்த வேண்டியதில்லை.

ஆகவே பேசும் நேரத்தை நீட்டுவதைவிட அதை முன்னே நகர்த்துவதே முதன்மையானது. உதவியாளர்களின் ஆய்வுக் கூட்டங்களில் பெரிய ஒப்பந்தங்களுக்கும் கொள்கை மாற்றங்களுக்கும் மாலை நேர அமர்வு வைக்க வேண்டும். உறுப்பினர் ஒருவராவது அங்கே உட்கார வேண்டும். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தம் எதுவும் ஒப்புதல் பட்டியலில் சேரக் கூடாது. அறிக்கை கேட்ட ஒவ்வொரு தீர்மானமும் கெடு முடியும் நாளில் தானாகவே நிரலில் திரும்ப வர வேண்டும். துறைத் தலைவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். மூடிய அமர்வில் ஏற்ற உடன்பாடு முழுமை பெற்றவுடன், எவரும் கேட்காமலே, அடுத்த கூட்டத்தில் தொகையோடு அறிவிக்கப்பட வேண்டும். ஆல்டடீனா, கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற பகுதிகளுக்கு அவை ஆண்டில் சில முறையாவது நேரில் சென்று, மாலையில் கூடி, அவர்களுடைய பொருள்களை அவர்கள் முன்னிலையில் தீர்மானிக்க வேண்டும். பட்டயத் திருத்தம் என்றால் வரைவுக்கும் வாக்கெடுப்புக்கும் இடையே வெளியாட்கள் சரிபார்க்கப் போதிய மாதங்கள் விட வேண்டும்.

இவற்றில் பலவற்றுக்கு மாநிலச் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. அவையே தன் விதிகளில் எழுதிக்கொள்ளலாம். 2028இல் மக்கள் தங்கள் முதல் நிர்வாகியைத் தேர்ந்தெடுப்பார்கள். 2032இல் ஒன்பது உறுப்பினர்கள் அமர்வார்கள். பிரதிநிதியும் குடிமகனும் நெருங்கி வர அது உதவும். ஆனால் இன்றைய ஒப்புதல் பட்டியலும் காணாமல்போகும் அறிக்கைகளும் அப்படியே தொடர்ந்தால், ஐந்து கைகள் தூக்கிய இடத்தில் ஒன்பது கைகள் தூக்கும், அவ்வளவே மாறும். எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்தியாளரின் தொடரும் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் மசோதாவும் கதவைத் திறந்தன. அந்தக் கதவு வழியே வருபவரின் சொல், தீர்மானம் எழுதப்படும் முன்பே எழுதுபவரின் மேசையை அடைய வேண்டும். புதிய அவை அமைவதற்குள் அதற்கான விதிகளை இன்றைய ஐவரே இயற்றுவது அவர்கள் மக்களுக்குச் செய்யக்கூடிய பெரிய தொண்டு.